பூட்டிய வீட்டுக்குள் அம்மா

வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்றால் "அப்ப சும்மாதான் இருக்கியா?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். ஓசூர்க் கம்பெனிகளுக்கு இயந்திர பாகங்களின் படங்களைக் கணினியில் வரைந்து கொடுக்கிறேன். யாராவது அப்படிக் கேட்டால் அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். அம்மாவுக்குத் தனி அறை கிடையாது. அதனால் அவள் வீட்டையே பூட்டினாள்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பாகலூரில் இருந்தோம். வண்டிகளில் பொருத்தும் ரப்பர் வளையங்கள் அம்மாவுக்கு மூட்டையாக வரும். ஓரத்துப் பிசிறை நறுக்கி, சாயங்காலம் டெம்போ வரும்போது கொடுத்துவிட வேண்டும். சிலிண்டர் வாங்கி வைக்க, குழந்தையைப் பார்த்துக்கொள்ள, காயும் மிளகாய்க்குக் காவல் இருக்க என்று தெருவே அம்மாவைக் கூப்பிடும். "வூட்லதான இருக்கற" என்பார்கள். மூட்டை மிச்சமாகும். இன்னொரு தடவை மிச்சமானால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று டெம்போக்காரர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை அம்மா நல்ல சேலை கட்டி, சாப்பாட்டுக் கூடையோடு என்னையும் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, தெருவே பார்க்கப் பூட்டுப் போட்டாள். "இவள தங்கச்சி வூட்ல வுட்டுட்டு கம்பெனிக்குப் போறேங்க்கா" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னாள். முனை திரும்பி, ராகிக் கொல்லை ஓரமாகச் சுற்றி, பின்கதவு வழியாக எங்கள் வீட்டுக்குள்ளேயே நுழைந்தோம். பேசக் கூடாது, தும்மக் கூடாது. எனக்கு அது அருமையான விளையாட்டாக இருந்தது.

மத்தியானம் வாசல் பூட்டு ஆடியது. ராயக்கோட்டையிலிருந்து அத்தை வந்திருந்தார். அப்பாவின் அக்கா. அம்மா அவர் குரலுக்கே எழுந்து நிற்பவள்.

"அது கம்பெனிக்குப் போயிருச்சேக்கா" என்றது பக்கத்து வீட்டுக் குரல்.

"எந்தம்பி பொண்டாட்டியா? பஸ்ஸு ஏறவே பயப்படுவாளே!"

ரப்பர் தூள் மூக்கில் ஏறி, நான் தும்மிவிட்டேன். அம்மாவின் கத்தரி அப்படியே நின்றது.

"பூனை பூந்துருச்சாட்ட இருக்குது" என்றார் அத்தை. "நீ போம்மா. நான் வெயில் தாழ இப்படியே உக்காந்துட்டுப் போறேன்."

கத்தரி மெல்ல மறுபடி நகர்ந்தது. சற்று நேரத்தில் யாரோ கைக்குழந்தையோடு அம்மாவைத் தேடி வந்தார்கள்.

"வேலைக்குப் போனவள வூட்டுல தேடுனா எப்படி? உம்புள்ளைய நீயே வச்சுக்க தாயி."

அடுத்து வந்தவர் கன்னடத்தில் கேட்டார். அத்தை அதே அதட்டலைக் கன்னடத்தில் போட்டார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. டெம்போ வருமுன் மூட்டை முடிந்துவிட்டது.

வேலையிலிருந்து திரும்புகிறவர்களாக மறுபடி சுற்றி வரப் பின்கதவைத் திறந்தோம். படியில் ஒரு பை நிறையத் தக்காளி இருந்தது. அத்தை போய்விட்டிருந்தார்.

அன்றைக்கு அப்பா வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். "அத்தைய நல்லா ஏமாத்திட்டோம்ப்பா! பாவம், தக்காளிய வாசல்ல வெக்காம ஆளே இல்லாத பின்னாடி வெச்சுட்டுப் போயிட்டாங்க!"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா அந்தத் தக்காளி ஒவ்வொன்றையும் எடுத்து முந்தானையால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இத்தனை பெரிய வேடிக்கைக்கு அவள் மட்டும் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்கு அன்று விளங்கவில்லை.