வடித்த தண்ணீர்

‘கீரை வேண்டாம். மிகவும் ஆசைப்பட்டால் கொஞ்சம் – வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு.’

மருந்துச் சீட்டின் அடியில் டாக்டர் தமிழிலேயே எழுதியிருந்தார். தேதி, போன மாத முதல் திங்கட்கிழமை. சீட்டு, காட்டுப்பாக்கத்தில் என் எதிர்வீட்டு ஏகாம்பரத்துடையது. அம்பத்தூரில் லேத் ஓட்டி ரிடையர் ஆனவர். முதலில் சர்க்கரை, பின்னாலேயே கிட்னி.

கீரை நல்லதுதானே? நல்லதுதான். இரும்புச் சத்து, நார்ச்சத்து, கண்ணுக்கு நல்லது... எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் அதிலுள்ள பொட்டாசியத்தைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியே தள்ள முடியாது. ரத்தத்தில் தேங்கும். அதிகமானால் இதயமே நின்றுவிடலாம். இதை யார் வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்கிறார்கள்?

அவர் மனைவி தேவகிக்கோ ரத்தசோகை. அவரை நிறையக் கீரை சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். ஒரே அடுப்பு, ஒரே சிறுகீரைக் கட்டு – ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு விஷம்!

போன வியாழன் ஏகாம்பரம் கைகால் துவண்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவில் பூந்தமல்லிக்குக் கொண்டுபோனோம். பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. நேராக ஐ.சி.யூ.

என்னென்ன சாப்பிட்டார் என்று நர்ஸ் விசாரித்தார். கீரையைக் கண்ணில்கூடக் காட்டவில்லை என்றார் தேவகி. ரசம் சோறுதானாம். என்ன ரசம் என்று கேட்டார் நர்ஸ்.

“நா மட்டும் கீரை துன்னா நல்லாவா கீது? சத்தாச்சும் அவருக்குப் போவட்டும்னு, வடிச்ச தண்ணில ரசம் வெச்சேன்மா.”

நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

கொட்டச் சொன்னதைக் கொட்ட நமக்குக் கை வராது. டாக்டர் வடிக்கச் சொன்னது மட்டும் காதில் விழும். நம் சமையலறைகளில் அக்கறை என்பது, சத்து வீணாகாமல் பார்த்துக்கொள்வது. வேகும்போது தண்ணீரில் இறங்கிய பொட்டாசியத்தோடு சேர்த்து அந்த அக்கறையைத்தான் தேவகி தினமும் கரண்டி கரண்டியாக ஊற்றியிருக்கிறார்.

மறுநாள் பார்க்க விட்டார்கள். ஏகாம்பரம் மனைவியைக் காட்டி, “ரசம் மட்டும் சோக்கா கீதேன்னு அன்னிக்கே டவுட்டுப்பா எனக்கு” என்றார். தேவகி சிரிக்கவில்லை. இனி டயாலிசிஸ்தான் என்று சொல்லியாகிவிட்டது.

வெளியே வந்ததும் தேவகி என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“என்னாலதானாண்ணா?”

டாக்டரிடம் கேட்டிருந்தேன். ரசமாக இருக்கலாம், மாத்திரையாக இருக்கலாம், கிட்னி தானாகவே இன்னும் கெட்டிருக்கலாம் என்றார். இந்த ஞாயிறு வரை எதுவும் உறுதியாகவில்லை.

தேவகியிடம் “இல்லம்மா” என்று சொல்லியிருக்கிறேன் – சரிபார்த்து முடிக்கும் முன்பே.