நாற்பத்தொன்பதாவது புஷ்

பட்டறையில் என் மேசைமேல், காகிதங்கள் பறக்காமலிருக்க ஒரு வெண்கல வளையம் வைத்திருக்கிறேன். கப்பலின் விசிறித் தண்டு உராயாமல் சுழலத் தாங்கும் வளையம், புஷ் என்போம். நாங்கள் கடையும் மற்ற புஷ்களின் விளிம்பில் எண் வெட்டியிருக்கும். இதில் இல்லை. அதனால்தான் பட்டறை முதலாளியான எங்கள் அண்ணாச்சி ஒரு பகல் முழுக்கக் குற்றவாளிபோல் நின்றார்.

தூத்துக்குடி துறைமுகக் கிடங்கில் சரக்கு சரிபார்த்து ஓய்வுபெற்ற நான், விசைப்படகுகளுக்கு புஷ் கடையும் அவர் பட்டறையில் அதே சரிபார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அதுவரை நம் ரோந்துக் கப்பல்களின் எஞ்சின்கள் திருகாணி உட்பட வெளிநாட்டிலிருந்தே வந்திறங்கும். கொள்முதல் விதி மாறியது. விற்கும் நிறுவனம் பாகங்களில் ஒரு பங்கை இங்கேயே செய்வித்து வாங்க வேண்டும். அப்படித்தான் நாற்பத்தெட்டு புஷ்ஷுக்கு எங்களுக்கு ஆர்டர் வந்தது. இது தேறாவிட்டால் அடுத்தது கிடையாது. பெட்டியில் அடுக்கியதை மூன்று முறை எண்ணினேன்.

எஞ்சின் நிறுவனத்திலிருந்து சோதிக்க வந்த வெளிநாட்டு அம்மாள் எண்ணினார். நாற்பத்தொன்பது. ஒன்றில் எண் இல்லை. அப்படியானால் மற்றவையும் மாறியிருக்காது என்று எப்படி நம்புவது என்று கேட்டு, பெட்டியை மூடினார்.

“நீரு எண்ணி முடிச்ச பொறவு நாந்தான் ஒண்ணு கூட வச்சேன்,” என்றார் அண்ணாச்சி. “கடலுக்குப் போறவனுக்கு எண்ணிக் குடுக்கப்பிடாதுல்லா. நடுக்கடல்ல ஒண்ணு தேஞ்சா எங்க போவான்?”

“உங்க தாராளத்துல மொத்தமும் போச்சு அண்ணாச்சி.”

“போவாதுவே. நான் சொன்னத அந்த அம்மாட்ட அப்படியே சொல்லும். மூணு தடவ எண்ணத் தெரிஞ்ச ஆளுக்கு இது முடியாதாக்கும்?”

ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பெட்டியை மறுபடி திறந்து, புஷ்ஷுக்கு ஐந்து அளவு வீதம் இருநூற்று நாற்பது அளவுகள் எடுத்தார். எல்லாம் தேறின. கடைசியில் எண்ணில்லாததையும் அளந்தார். மயிரிழை பிசகவில்லை. அதை அண்ணாச்சியிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் என்னிடம் நீட்டினார். “நீரே வச்சுக்கிடும். எண்ணுததுக்கு மேல ஒண்ணு கூடக் கெடக்கட்டும்.”

அடுத்த ஆர்டர் தாளைப் படித்துவிட்டு, இந்த வயதில் பட்டறைக்குள் ஓடினேன். புதிதாக ஒரு வரி இருந்தது: பெட்டிக்கு ஓர் உதிரி, தனி எண்ணுடன்.

“சொன்னா கேக்குத ஆளுகதான்,” என்றார் அண்ணாச்சி, கடைசலிலிருந்து கண்ணெடுக்காமல்.

அவர் இறந்து ஓராண்டாகிறது. இன்று காலை பதினோராவது பெட்டி புறப்பட்டது. நாற்பத்தொன்பதையும் எண்ணிக் கையெழுத்திட்டேன். பிறகு வழக்கம்போல் மேசைமேல் இருப்பவற்றை எண்ணினேன். பேனா மூன்று, கண்ணாடி இரண்டு, மாத்திரை ஏழு. வளையத்தைச் சேர்க்கவில்லை.