கேமராவில் விழாத நிழல்

தொம்மலூரில் ஒரு ஆபீஸில் நான் செக்யூரிட்டி. பகலெல்லாம் சிசிடிவி ஸ்கிரீனைப் பார்த்து எல்லோரையும் சந்தேகப்படுவதுதான் வேலை.

ஒரு திங்கட்கிழமை ஸ்கிரீனில் கொசுக்கூட்டம் மாதிரி கறுப்புப் புள்ளிகள் பறந்தன. துடைத்தேன், போகவில்லை. ஓரத்தில் பளிச்சென்று வெளிச்சம் வெட்டியது. மறுநாள் வலது பக்கம் திரை போட்டதுபோல் நிழல். எவனோ கேமராவை மறைக்கிறான் என்று ஹவுஸ்கீப்பிங் அம்மாவைக்கூடத் திட்டினேன்.

கேமரா பார்க்க வந்த மெக்கானிக், "இதுல ஒண்ணும் இல்ல சார். ஒரு கண்ண மூடிப் பாருங்க" என்றார். வலது கண்ணை மூடினேன், நிழல் போய்விட்டது.

நேரே அரசு கண் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். "விழித்திரை பிரியுது. இன்னைக்கே அட்மிட் ஆகுங்க, தள்ளிப்போட்டா பார்வை போயிடும்" என்றார் டாக்டரம்மா. அந்த அவசரத்தின் மேலும் எனக்குச் சந்தேகம். "எந்த பிரைவேட்டுக்கு அனுப்பப் போறீங்க?" என்று கேட்டே விட்டேன்.

"எங்கேயும் இல்ல. ரேஷன் கார்டு இருந்தா இங்கேயே இலவசம்" என்றார்.

ஆபரேஷன் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் நான் உட்காரும் செக்யூரிட்டி அறையிலேயே இருக்கும் கேமராவின் பழைய பதிவைப் போட்டுப் பார்த்தேன். நிழலும் இல்லை, திருடனும் இல்லை. ஒரு ஆள் மட்டும் இரண்டு நாளாக ஸ்கிரீனைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.