செனாயிலிருந்து கூச்சிங், ஒன்றரை மணி நேரம்

அப்பாவின் லோரிக்குள் ஏறினாலே அன்னாசிப் பழ வாசனைதான். எத்தனை முறை கழுவினாலும் போகாது. என் சேலை, புதுப் பெட்டி... எல்லாவற்றிலும் அன்று அதே வாசனை.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஆசிரியர் பயிற்சி முடிந்ததும் முதல் போஸ்டிங்கே கடல் தாண்டி சரவாக்கில், கூச்சிங் பக்கம் போட்டுவிட்டார்கள்.

அப்பாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. போகாவிட்டால் வேலை கைவிட்டுப் போய்விடும் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் தடுக்கவில்லை. ஒரு வாரமாக என்னோடு பேசவே இல்லை... அவ்வளவுதான்.

பெக்கான் நானாஸ் வீட்டிலிருந்து செனாய் விமான நிலையத்துக்கு அவர்தான் லோரியில் கொண்டுபோய் விட்டார். அங்கே போனதும் கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண்ணிடம், கூச்சிங் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் ஆகும் என்று விசாரித்தார். எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும், ஒன்றரை மணி நேரம் என்றாள் அவள்.

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"வடக்க அலோர் ஸ்டார் போற தூரம்மா. லோரில போனா எனக்கு ஒரு நாள் ஆவும். இவங்க ஒன்றரை மணில போயிடுவாங்களாம்..."

அந்த ஒரு வாரத்தில் அவர் என்னிடம் பேசியது அதுதான். "பாத்து இரு" என்றுகூடச் சொல்லவில்லை.

கூச்சிங்கில் அன்று நல்ல மழை. விமானம் இறங்க முடியாமல் மேலேயே வட்டமடித்தது. பக்கத்து சீட்டில் இருந்த சீன அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒருவழியாக இறங்கியபோது முக்கால் மணி நேரம் தாமதம். பெட்டியை எடுத்துக்கொண்டு பொதுத் தொலைபேசிக்கு ஓடினேன்.

"வந்து சேந்துட்டேம்மா. அப்பாகிட்ட குடுங்க."

"அலமாக்! அவரு இன்னும் வீட்டுக்கே வரலியே, பாப்பா."

அரை மணி நேரப் பாதைதானே... லோரிக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

சாயங்காலம் திரும்பவும் கூப்பிட்டபோதுதான் அம்மா விஷயத்தைச் சொன்னார்கள்.

அப்பா செனாயை விட்டுக் கிளம்பவே இல்லையாம். நான் போய்ச் சேரும் வரை இருக்கலாம் என்று கார் பார்க்கில் லோரியிலேயே உட்கார்ந்திருந்தாராம். ஒன்றரை மணி நேரம் ஆனதும் உள்ளே போய்க் கேட்டிருக்கிறார். இன்னும் இறங்கவில்லை என்றிருக்கிறார்கள். அப்புறம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போய் நின்றிருக்கிறார். கடைசியில் அந்தக் கவுண்டர் பெண்ணே வெயிலில் ஓடி வந்து, லோரிக் கதவைத் தட்டி, "பாக்சிக், சுடா சம்பாய்!" என்றாளாம். மாமா, வந்து சேர்ந்துவிட்டது என்று.

"ஸ்டேரிங்ல தல வச்சி அழுதாராம், அவரே சொன்னாரு. ஒங்கிட்ட சொல்லக் கூடாதாம் லா."

நான் அதைப் பற்றி அவரிடம் கேட்டதே இல்லை. அங்கே வேலை பார்த்த மூன்று வருடமும், லீவு முடிந்து திரும்பும்போதெல்லாம் செனாயில் "வெயிலா இருக்கு, நீங்க கெளம்புங்கப்பா" என்பேன்.

"ஆமா, ஆமா... வேல கெடக்கு" என்பார்.

போகமாட்டார் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

அப்பா தவறி ஆறு வருடமாகிறது. இப்போது என் மகள் கூச்சிங்கில் படிக்கிறாள். அதே செனாய், அதே ஒன்றரை மணி நேரம். விமானம் கடல்மேல் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதைக்கூட கைப்பேசியிலேயே பார்க்கலாம்.

போன வாரம் அவளை ஏற்றிவிட்டு, கெலாங் பாத்தாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சமைக்க ஆரம்பித்தேன்...

"லேண்டட் மா" என்று அவள் மெசேஜ் வந்த பிறகுதான், அடுப்பில் சோறு இருப்பதே எனக்கு ஞாபகம் வந்தது.