ஐந்தாம் பக்கத்தில் வந்த குழாய்

மூன்று நிமிடப் பேச்சுக்கு ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தவன் நான். இதை வெளியில் சொல்ல இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. சாட்சியாக என் அலமாரியில், வாங்கிப் படிக்காத புத்தகங்களுக்கு முன்னால், ஒரு பிளாஸ்டிக் பாட்டில் நிற்கிறது. உள்ளே இருப்பது திருவொற்றியூரில் எங்கள் தெருக் குழாயில் பிடித்த தண்ணீர்.

பிடித்தவர் அப்போதைய கவுன்சிலரம்மா. வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும் கட்சிக்காரர்கள் போஸ்டருக்காகத் தங்கள் மனைவிமாரின் புகைப்படங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, புருஷனை இழந்த இவர் சுயேச்சையாக நின்று ஜெயித்துவிட்டார். காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து எங்கள் பக்கம் விற்றவர். ஏலக்காரர் மூன்று எண்ணி முடிப்பதற்குள் விலையைச் சொல்லி, அவரை ஒரு திட்டும் திட்டி, கூடையைத் தன் பக்கம் இழுத்திருப்பார். ஓட்டுக் கேட்டதும் அதே சிக்கனத்தில்தான்: "ரோடு, லைட்டுன்னு புளுவ மாட்டேன். சாக்கடைக்குள்ள போற இந்தக் குழாய மாத்திக் குடுக்கறேன். அவ்ளோதான்." அந்தத் தண்ணீரைக் குடித்துத் தெருப் பிள்ளைகள் மாறி மாறி வாந்திபேதியில் படுத்தார்கள். அவருடைய பேத்தி இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தாள்.

ஜெயித்த பிறகு போன அலுவலகங்களிலெல்லாம் நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள், "மாமன்றத்துல பேசுங்கம்மா" என்றார்கள். கட்சி இல்லாதவருக்கு அந்த மாநகராட்சிக் கூட்டத்தில் பேச வாய்ப்பு லேசில் வராது. ஒருவழியாக வந்தபோது என்னிடம் யோசனை கேட்டார். "பாட்டிலத் தூக்கிக் காட்டி, இத்த உங்க வூட்டுப் புள்ளைக்குக் குடுப்பீங்களான்னு கேட்டுட்டுக் குந்திடறேன் சார். போதுமா?"

போதும் என்று சொல்லியிருக்கலாம். நாலு புத்தகம் படித்தவன் வாயில் அந்தச் சொல் வராது. சபை மரியாதை பற்றி அரைமணி நேரம் விளக்கிவிட்டு எழுத உட்கார்ந்தேன். வணக்கத்துக்குரிய மேயர் தொடங்கி விளிப்புகள் ஒரு பக்கம். நீரும் நாகரிகமும் மூன்று பக்கம். குழாய் ஐந்தாம் பக்கத்தில் வந்தது.

அன்று நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். ஏலத்தில் கடலையே அதட்டும் அந்தக் குரல், என் வாக்கியங்களுக்கு மேல் வைத்த விரலோடு சேர்ந்து, ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தது. நதிக்கரையில் மனிதன் குடியேறிக்கொண்டிருந்தபோது மணி அடித்துவிட்டார்கள். யாரோ சிரித்தார். கவுன்சிலரம்மா பையைத் துழாவினார். பாட்டில் வெளியே வருவதற்குள் மைக் அணைந்துவிட்டது. நானோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நல்ல வாக்கியம் ஒன்று அரையில் நின்றுவிட்டதே என்றுதான் முதலில் வருந்தினேன்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் கேட்டார். "குழாயி எந்தப் பக்கத்துல சார் இருந்துச்சு?"

"அஞ்சாவது."

"இந்தா, இத்த நீயே வெச்சிக்க" என்று பாட்டிலை என் கையில் திணித்தார்.

மறுபடி அவருக்கு வாய்ப்பு வரவில்லை. மாமன்றத் தரையில் உட்கார்ந்து பார்த்தார், மனு மேல் மனு கொடுத்தார். அவற்றை எழுத என்னைக் கூப்பிடவில்லை. பதவிக்காலம் முடிந்தது. அடுத்து வந்த பெண்மணியை நாங்கள் போஸ்டரில் பார்த்ததோடு சரி, வார்டுக்கு அவர் கணவர்தான் வருகிறார். குழாய் அதே சாக்கடைக்குள் போகிறது. கேன் வாங்க முடிந்தவர்கள் வாங்குகிறோம். முடியாதவர்கள் அதையே குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

போன மாதம் சங்கரா மீன் கொடுக்க வந்த பழைய கவுன்சிலரம்மா அலமாரியில் பாட்டிலைப் பார்த்துவிட்டார். என் குற்றத்தை விரிவாக, அதாவது வழக்கம்போல நீளமாக, ஒப்புக்கொண்டேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தார். அடியில் இரண்டு விரல் கறுப்புச் சேறு. மேலே கண்ணாடி மாதிரித் தண்ணீர்.

"அட, தெளிஞ்சிட்ச்சே! இத்தினி வருசம் வெச்சா தெளியும்னு அப்பவே சொல்லியிருந்தா, வூட்டுக்கொரு பாட்டில் குடுத்துட்டு நா பாட்டுக்கு மீன் வித்துனு இருந்திருப்பேனே சார்."