பூஜைக்கு மறுநாள் நீச்சல்

எனக்குக் கண் ஒரே நாளில் போகவில்லை. யாரோ கதவை மெல்லச் சாத்திக்கொண்டு வருகிற மாதிரி ஓரத்திலிருந்து இருட்டு உள்ளே வந்தது. சிதம்பரத்து டாக்டர் கண்ணுக்குள் அழுத்தம் என்றார். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். இருப்பதும் நிற்கவில்லை. இப்போது இடது பக்கம் கொஞ்சம் வெளிச்சம் தெரியும். ஜன்னல் எங்கே என்று சொல்வேன், ஜன்னலில் நிற்பது யார் என்று சொல்ல மாட்டேன்.

கண் போனதைவிட என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது என் கையைப் பிடிக்க வந்தவர்கள். கடைத்தெருவில், பஸ்ஸில், கல்யாண வீட்டில், கேட்காமலே முழங்கைக்கு மேலே பிடித்து ஆட்டுக்குட்டியை இழுப்பது மாதிரி இழுப்பார்கள். என் வீட்டுக்காரர் அதில் முதல் ஆள். பாத்ரூம் வாசல் வரைக்கும் வருவார். அன்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அன்பில் மூச்சு முட்டியது.

அப்படி இருந்தபோதுதான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் அந்த நீச்சல்குளம் வந்தது. ஊர்க்காரர்கள் சிலர் பணம் போட்டுக் கட்டியது, கூடவே ஓர் உடற்பயிற்சிக் கூடம். பணம் போட்டவர்களில் ஒருவருடைய மகள் சக்கர நாற்காலியில் இருப்பவள். அதனால் பேருக்குச் செய்யாமல் ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்திருந்தார்கள். கேட்டிலிருந்து குளத்துப் படி வரைக்கும் தரையில் புள்ளி வைத்த ஓடு. வெறுங்காலில் நடந்தால் பாதத்துக்கு வழி தெரியும். கரை வருகிற இடத்தில் புள்ளி போய்க் கோடு வரும், கோடு வந்தால் நிற்க வேண்டும். படிக்கு இரண்டு பக்கமும் எவர்சில்வர் கைப்பிடி. நடக்க முடியாதவர்களைத் தண்ணீரில் இறக்குவதற்கு ஒரு நாற்காலி. ஆழமில்லாத பக்கத்துச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி நாள் முழுக்க டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கும். தண்ணீருக்குள் எங்கே இருந்தாலும் அந்தச் சத்தத்தைப் பார்த்து நீந்தினால் படிக்கு வந்துவிடலாம். காலையில் கொஞ்ச நேரம் பாட்டு எதுவும் போட மாட்டார்கள். இரைச்சல் தாங்காத பிள்ளைகளுக்காக வைத்த ஏற்பாடு, எங்கள் காதுக்கும் உதவியது.

நீச்சல் எனக்குக் குறிஞ்சிப்பாடியில் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் இறங்கிய முதல் நாள் நான் அழுதேன். பல வருஷமாக யாரும் என்னைத் தொடாமல், எதிலும் இடித்துக்கொள்ளாமல், கையையும் காலையும் நீட்டி இருந்ததில்லை.

தனியாக வரக் குளத்து மேனேஜர் சுலபத்தில் சம்மதிக்கவில்லை. நல்ல மனுஷன், பக்திமான். அவர் கிட்டே வந்தால் கற்பூரமும் விபூதியும் மணக்கும். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒன்னு சொல்லிடறேன் மேடம். ஒரு தடவ ஏதாவது ஆச்சுன்னா, அதோட சரி. அப்புறம் தொணை இல்லாம உள்ள விட மாட்டேன். உங்களுக்கும் அதான், அவருக்கும் அதான்."

அவர் என்று சொன்னது எனக்கு அப்புறம் குளத்துக்கு வருகிற இன்னொருவரை. சிதம்பரத்துக்காரர், முப்பது வயது இருக்கும், ஒரு விபத்தில் இரண்டு கண்ணும் போனவர். கடலூரில் ஓர் அலுவலகத்தில் வேலை. காலை ரயிலில் வந்து நீந்திவிட்டு ஆபீஸ் போவார். லீவு நாளிலும் வருவார். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் எல்லாரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது காதில் கேட்கிறது என்பார். அவர் படியில் இறங்குகிற ஆள் இல்லை. ஆண்கள் அறையின் கதவு ஆழமான பக்கத்தில் திறக்கும். அங்கிருந்து வேகமாக நடந்து வந்து, காலில் கோடு பட்டதும் பெட்டிச் சத்தத்தை நோக்கித் தலைகீழாகப் பாய்வார். கரண்ட் போனால் பெட்டியும் நின்றுவிடும். அந்த நாட்களில்கூட நிற்காமல் குதித்திருக்கிறார். ஒருநாள் எங்கேயாவது மண்டையை உடைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று நான் திட்டினால் சிரிப்பார். அவர் தவறினால் எனக்கும் கதவு மூடும். நான் தவறினால் அவருக்கும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு என் வீட்டுக்காரர் சேத்தியாத்தோப்பில் அவர் தம்பியின் லேத்துப் பட்டறைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். மறுநாள் காலை நான் குளத்துக்குக் கிளம்பினேன். போனில் வாட்ஸப் செய்திகள் குவிந்திருந்தன. என் போன் செய்தியை வாய்விட்டுப் படிக்கும், ஆனால் படமாக வந்தால் படம் என்று மட்டும்தான் சொல்லும். படம், படம், படம் என்று சொல்லிக்கொண்டே போனது. விளக்கும் தாமரையும் போட்ட வாழ்த்துகள்தான் என்று நிறுத்திவிட்டேன். குளத்துக் குழுவிலிருந்து வந்ததும் ஒரு படம்தான்.

வழக்கமான ஆட்டோக்காரர் வண்டிக்குப் பூஜை போட்டுக் குடும்பத்தோடு கோயிலுக்குப் போயிருந்தார். வந்தவர் புது ஆள். தெருவெல்லாம் பூசணிக்காய் உடைத்துப் போட்டிருந்தார்கள் போல, வண்டி வளைந்து வளைந்து போனது, ஒருமுறை சக்கரம் வழுக்கியது. கேட்டில் இறக்கிவிட்டு உடனே போய்விட்டார். வாட்ச்மேன் எப்போதும் குட்மார்னிங் சொல்லுவார். அன்று சொல்லவில்லை. கேட் திறந்திருந்தது.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பெட்டி அடிக்கவில்லை. மோட்டார் ஓடவில்லை. கரண்ட் இல்லை என்று நினைத்தேன். தண்ணீரில் போடுகிற மருந்து வாசனைக்குப் பதிலாகச் சாம்பிராணியும் வாழைமரமும் மணத்தன. பூஜை நடந்த இடம் அப்படித்தானே இருக்கும். ஆனாலும் திரும்பிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. திரும்பினால் ஆட்டோ கிடையாது, வீட்டிலும் ஆள் கிடையாது, பயந்துபோய் வந்துவிட்டாள் என்று என்னை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும். எனக்கு அந்த வீம்பு உண்டு.

கொஞ்ச தூரத்தில் காலுக்குக் கீழே புள்ளி காணாமல் போனது. ஜமுக்காளம். பூஜைக்கு வந்தவர்கள் உட்கார ஓட்டின் மேலேயே விரித்து வைத்திருந்தார்கள். காலால் துழாவித் துழாவிக் கைப்பிடியைக் கண்டுபிடித்தேன். அதில் சந்தனம் பிசுபிசுத்தது, சாமந்தி மாலை சுற்றியிருந்தது. மேல் படியில் தண்ணீர் இல்லை. சரி, கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று அடுத்ததில் கால் வைத்தேன். அதிலும் இல்லை. அதற்கும் அடுத்ததில் கால் சறுக்கி, கைப்பிடியில் தொங்கி, முழங்கால் ஓட்டில் மோதி உட்கார்ந்துவிட்டேன். என்னை அறியாமல் அம்மா என்றேன். அந்த ஒரு சொல் நாலு சுவரிலும் பட்டு, காலி அண்டாவுக்குள் பேசியது போலத் திரும்பி வந்தது.

அப்போதுதான் குளத்தில் தண்ணீரே இல்லை என்று புரிந்தது.

முழங்காலில் ரத்தம் சூடாக இறங்கியது. எனக்கு வந்த முதல் நினைப்பு அதைப் பற்றியது இல்லை. யாரும் பார்க்கவில்லை, சத்தம் போடாமல் ஏறிப் போய்விடு என்பதுதான். மேனேஜருக்குத் தெரியாது. வீட்டில் கட்டில் கால் இடித்தது என்று சொல்லிக்கொள்ளலாம். நாலு நாள் கழித்துத் தண்ணீர் இருக்கும், நானும் இருப்பேன். மெல்ல எழுந்து ஒரு படி ஏறியும் விட்டேன்.

அப்போது எதிர்ப் பக்கத்தில் ஆண்கள் அறைக் கதவு திறந்தது. தடியை மடக்குகிற சத்தம் கேட்டது. பிறகு அவருடைய வெறுங்கால், வழக்கமான வேகத்தில், ஓட்டில் பட்டுப் பட்டு வந்தது.

"தண்ணி இல்லீங்க. நில்லுங்க. குளத்துல தண்ணி இல்ல."

என் தொண்டையில் அவ்வளவு பெரிய குரல் இருந்தது எனக்கே தெரியாது. அது போய்ச் சேர்ந்த பிறகும் அவர் கால் ஓர் எட்டு வைத்தது. அப்புறம்தான் நின்றது. கையிலிருந்த தடி நழுவிப் போயிருக்க வேண்டும். அது குளத்தின் அடியில் விழுந்த சத்தம் வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

குரல் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார். கரையில் ஒரு குருடர், படியில் ரத்தத்தோடு நான். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் முழங்காலைக் கட்டிக்கொண்டே சொன்னார். பூஜைக்கு முன்னால் குளத்தைக் காலி செய்து கழுவியிருக்கிறார்கள். திரும்ப நிரப்ப ஆரம்பிப்பதற்குள் நல்ல நேரம் வந்துவிட்டது. மோட்டாருக்குப் பூஜை போட்டு நிறுத்திவிட்டார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் திரும்பப் பூஜை போட்டுத்தானே எடுக்க வேண்டும். பெட்டிக்கும் அதே மரியாதை.

"வருஷம் பூரா அது ஒன்னுதான் மேடம் தூங்காம ஒழைக்குது. அதுக்கும் ஒரு நாள் ஓய்வு வேணாமா. மொத மாலைய அதுக்குத்தான் போட்டேன்."

அவர் குரல் உடைந்திருந்தது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, முடியவில்லை. நீச்சல் கிடையாது என்று எழுதிப் போட்டிருக்கிறோமே என்றார். கேட்டில் பலகையில் சாக்பீஸால் எழுதி, அதையே படம் பிடித்துக் குழுவிலும் அனுப்பியிருக்கிறார்கள். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது.

மறுநாள் போனில் கூப்பிட்டார். நிபந்தனையை அவர் நினைவுபடுத்தவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை. இனி துணையோடு வாருங்கள் என்றார். என் வீட்டுக்காரர் ரெண்டு நாள் கூட வந்தார். கரையில் நின்றுகொண்டு, இந்தப் பக்கம் வா, போதும் வா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் நான் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை.

சில மாதம் கழித்து டாக்டரைப் பார்த்துவிட்டுச் சிதம்பரம் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தோம். குளத்துக்கு வருவாரே, அவர் அதோ நிற்கிறார் என்றார் என் வீட்டுக்காரர். கூட அவர் அக்கா, தம்பியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்றும் சொன்னார். நான் கூப்பிட்டேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரும் குளத்துக்குப் போவதில்லை. ரயிலிலும் அக்கா கொண்டுவந்து ஏற்றி விடுகிறாள். குரலில் பழைய துள்ளல் இல்லை. மற்ற ரெண்டு பேரும் டீ வாங்கப் போனதும் என் பக்கம் குனிந்தார்.

"நான் நின்னுட்டேங்க. நீங்க கத்துறதுக்கு முன்னாடியே நின்னுட்டேன். தண்ணி வாசனையே இல்ல, எனக்குத் தெரியாதா?"

"தெரியும்ங்க. நான்தான் பயந்துபோய்க் கத்திட்டேன்," என்றேன். அவருடைய மானத்துக்காகச் சொன்னது. அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

"அப்ப இதையே மேனேஜர்கிட்ட சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு. என்ன மட்டும் தனியா விட்ருவாரு. அது ஒன்னுதாங்க எனக்கு இருந்துச்சு."

சொல்லியிருக்கலாம். ஒரு போன் போதும். அந்தத் தண்ணீர் அவருக்கு என்ன என்று என்னைவிட வேறு யாருக்குத் தெரியும். ஆனால் அவர் மறுபடியும் அந்தக் கதவைத் திறந்து, அதே வேகத்தில் வருவது எனக்குக் காதில் கேட்டது. அவர் கையைத் தேடிப் பிடித்தேன். கேட்காமல் ஒருவர் கையைப் பிடித்தது அன்றுதான்.

"நீங்க நிக்கலீங்க. நான் கத்துன அப்புறமும் ஒரு எட்டு வச்சீங்க. எனக்குக் கேட்டுச்சு."

அவர் கை என் கைக்குள் சில்லென்று ஆனது. ரயில் வருவதாக மைக்கில் சொன்னார்கள். அக்காவின் செருப்புச் சத்தம் கிட்டே வந்தபோது அவர் அவசரமாகக் குரலைத் தாழ்த்தினார்.

"அத மட்டும் எங்க அக்காகிட்ட சொல்லிடாதீங்க. அப்புறம் ஆபீசுக்குக்கூட அனுப்ப மாட்டா."