முதல் முடிச்சும் பாயின் பத்தடியும்

சீர்காழியில் ஒரு கல்யாண மண்டபத்து மேடையில் சாமந்திச் சரம் கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நாகப்பட்டினம் ஹமீது பாய் காலையில் மூச்சு நின்று மௌத்தாகிவிட்டார் என்று அவர் மகன் சொன்னார். சரத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

பாய் போட்டோகிராபர். நான் மேடை அலங்காரம் செய்கிறவள். பதினெட்டு வருஷம் ஒரே மேடைகளில் வேலை பார்த்தோம், பாதி நேரம் சண்டையோடு. தொடங்குவது நான்தான், மறைப்பதற்கில்லை.

அவரிடம் கனத்த பழைய லென்ஸ் ஒன்று இருந்தது. எல்லாவற்றையும் கையால்தான் திருப்ப வேண்டும். கேமராவுக்கு அது ஒரு சேதியும் சொல்லாது. மற்றவர்களின் பிளாஷ் வெளிச்சத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். இந்த லென்ஸ் போட்டுவிட்டு அதை நம்பினால் படம் கெடும். அதனால் பாய் பிளாஷின் அளவைக் கையால் வைத்துவிட்டு, தூரத்தைக் காலால் அளப்பார். மணையிலிருந்து பத்தடி தள்ளி என் கம்பளத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுவார். கிட்டே போகப் போக முகத்தில் வெளிச்சம் கூடிவிடும் என்பதால், அதைக் குறைக்க, பத்தடிக்கு ஐந்து புள்ளி ஆறு, ஏழடிக்கு எட்டு, ஐந்தடிக்குப் பதினொன்று என்று லென்ஸ் வளையத்தைத் திருப்புவார். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கே அந்த வாய்ப்பாடு மனப்பாடம்.

"சர்வேயர் வந்துட்டாரு, பட்டாவ எடுத்து வைங்க" என்பேன். அவர் அளந்து முடித்து டேப்பை ஒட்டுவார். பிறகு, "ஒம் பூவுக்கு வெளிச்சம் வேணுமா வேணாமா, அத மட்டும் சொல்லு தங்கச்சி" என்பார்.

என் மகள் ரேவதியின் கல்யாணம் திருப்பனந்தாளில் நடந்தது. பாய் அளந்து டேப் ஒட்டிவிட்டுப் பெண்ணைப் படமெடுக்க உள்ளே போனார். என் கை சும்மா இருக்குமா? பின்னால் நான் கட்டிய பூ வளைவு முழுசாகத் தெரிய வேண்டுமென்று மணையை நாலடி முன்னால் போடச் சொன்னேன். பாயிடம் சொல்ல மறந்தேன்.

கெட்டிமேளம் கொட்டும் நேரம் பார்த்து வளைவு சாய்ந்தது. பெற்ற மகளுக்குத் தாலி ஏறும்போது நான் பின்னால் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பாய் கூட்டத்தை விலக்கி வந்து, டேப்பில் நின்று முதல் முடிச்சை எடுத்தார். கேமராவைப் பார்த்தார், மணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வளையத்தைத் திருப்பினார். நாத்தனார் போட்ட மற்ற இரண்டு முடிச்சுகளும் அழகாக விழுந்தன. மாப்பிள்ளை தன் கையால் போட்ட முதல் முடிச்சில் மட்டும் இருவர் முகமும் சுண்ணாம்பு அடித்த சுவர்.

பந்தி முடிந்ததும் பாயிடம் போனேன், சம்பந்தி வீட்டுக்கு என்ன பதில் சொல்வதென்று கேட்க. பாய் அதற்குள் அவர்களிடம், அளவு தன்னிடம்தான் தவறிவிட்டது என்று சொல்லி முடித்திருந்தார். என்னிடம் கேமராவை நீட்டினார்.

"ஒருத்தர் மேல வெளிச்சம் சரியா விழுந்திருக்கு, பாரு."

இரண்டு வெள்ளை முகங்களுக்குப் பின்னால், அவர் அளந்த அதே பத்தடியில், மூங்கிலைக் கட்டிக்கொண்டு, மூக்கு ஒழுக அழுகிறேன் நான். ஊரையே கேலி பேசுகிறவள்.

"அழிச்சிடுங்க பாய்."

"நீ மணையத் தள்ளுவே, நான் படத்த அழிக்கணுமா?"

ரேவதி எட்டிப் பார்த்தாள். அதைத்தான் ஆல்பத்தில் முதலில் வைக்க வேண்டும் என்று பாயிடம் சொன்னாள். "மத்ததெல்லாம் என் கண்ணு முன்னாடிதானே நடந்துச்சு மாமா. இது ஒண்ணுதான் நான் பாக்காதது."

நேற்று நானும் ரேவதியும் நாகப்பட்டினம் போனோம். பாயின் மனைவி ஜமீலா அக்கா உள்ளறையில் இருந்தார். ரேவதி ஆல்பத்தை அவர் மடியில் வைத்தாள். அக்கா அந்த முதல் படத்தைப் பார்த்தார்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து ஒங்க பாய் ஒன்ன மாதிரியே அழுது காட்டுனாங்க, இந்தக் கதவக் கட்டிப் புடிச்சிக்கிட்டு" என்றவர், எழுந்துபோய்க் கதவைக் கட்டிப் பிடித்து, மூக்கை உறிஞ்சிக் காட்டினார்.

மூவரும் சிரித்தோம். கூடத்தில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடக்க முடியவில்லை, பாய். உங்கள் வீட்டில், உங்கள் துக்கத்தில், என்னைக் கேலி செய்தே எங்களைச் சிரிக்க வைத்துவிட்டீர்கள். இந்த ஒருமுறை நீங்கள் ஜெயித்ததாக இருக்கட்டும். நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.